லித்தியம் எடுக்கும்போது டி.எஸ்.எச். ஏறினால்: காத்திருப்பதா, தைராக்சினா, டோஸைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா?

மனநிலை மேலும் கீழும் புரளும் பைபோலார் நோய்க்கு லித்தியம் எடுப்பவர் ஒருவரின் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. லித்தியம் லெவல் 0.7. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரி. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் 7.8, பக்கத்தில் தடித்த எழுத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. மனநல மருத்துவர் “தைராய்டு டாக்டரை ஒருமுறை பாருங்கள்” என்கிறார். தைராய்டு டாக்டரோ “அந்த மாத்திரையை நிறுத்த முடியுமா என்று அவரையே கேளுங்கள்” என்று திருப்பி அனுப்புகிறார். நடுவில் நிற்பவருக்கு நான்கு வழிகள் காதில் விழுகின்றன. மறுபடி டெஸ்ட் எடுக்கும்வரை பொறுப்பது ஒன்று. லித்தியத்தோடு தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினைச் சேர்ப்பது இன்னொன்று. லித்தியம் டோஸைக் குறைப்பது, லித்தியத்தையே விட்டு வேறு மருந்துக்குப் போவது மற்ற இரண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் சரி. மூன்றாவது தைராய்டுக்கான வைத்தியமே அல்ல. நான்காவதற்குத் தைராய்டு மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அதே ஹார்மோன் மாத்திரையாகக் கிடைக்கிறது. லித்தியம் நன்றாகக் கேட்கிற ஒருவருக்கு அதன் இடத்தை நிரப்பும் மருந்து அவ்வளவு லேசில் கிடைப்பதில்லை.

## ஏன் இப்படி ஆகிறது

1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மேனியாவுக்கு, அதாவது மனநிலை அளவுமீறி எகிறும் நிலைக்கு, லித்தியம் பயன்படுவதை எழுதினார். 1968-இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவும் அவருடைய சகாக்களும், லித்தியம் எடுப்பவர்களுக்கு முன்கழுத்துக் கழலை வருவதைப் பதிவு செய்தார்கள். ஆக, இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து அல்ல. மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வரும் பக்கவிளைவு.

தைராய்டு சுரப்பி ஹார்மோனைத் தயாரித்து உள்ளேயே சேமித்து வைத்து, தேவைக்கு ஏற்ப ரத்தத்தில் விடும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு லித்தியம் அந்தச் சுரப்பிக்குள் சேர்கிறது. சேர்ந்து, முக்கியமாகக் கிடங்கின் கதவைப் பாதி அடைக்கிறது: சரக்கு இருக்கிறது, வெளியே வருவது குறைகிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அந்தக் குறைவைக் கண்டு டி.எஸ்.எச்.-ஐக் கூட்டி விரட்டுகிறது. ஆரோக்கியமான சுரப்பி அந்த விரட்டலுக்கு ஈடுகொடுத்துச் சில மாதங்களில் சமநிலைக்கு வந்துவிடும். அதனால்தான் லித்தியம் தொடங்கிய ஆரம்ப மாதங்களில் ஏறிய டி.எஸ்.எச். பலருக்குத் தானே இறங்குகிறது. தைராய்டையே தாக்கும் ஆன்டி-டி.பி.ஓ. எதிரணுக்கள் ஏற்கெனவே அரித்து வைத்திருக்கும் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது.

2012-இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, லித்தியம் எடுப்பவர்களுக்கு முழு ஹைப்போதைராய்டு (தைராய்டுக் குறைவு) வரும் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய 6 மடங்கு கூடுவதாகவும், டி.எஸ்.எச். சராசரியாக 4 யூனிட் ஏறுவதாகவும் கணக்கிட்டது. பெண்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் தைராய்டு உள்ளவர்கள், ஆன்டி-டி.பி.ஓ. பாசிட்டிவ் ஆனவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். பத்து வருடம் கழித்து வருவதும் உண்டு.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழிகளை எடைபோடும் முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை.

எண் எவ்வளவு, உறுதியானதா? டி.எஸ்.எச். மட்டும் போதாது, ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4-உம் வேண்டும். டி.எஸ்.எச். ஏறி ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அது ஆரம்பநிலைக் குறைவு. ஃப்ரீ டி4-உம் இறங்கியிருந்தால் முழுக் குறைவு. அங்கே காத்திருக்கும் பேச்சே இல்லை.

லித்தியம் உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது? லித்தியத்துக்கு முன் ஆண்டுக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தவர், வந்தபின் ஐந்து வருடமாக வேலைக்குப் போகிறார் என்றால், அது எல்லா எண்களையும் விடக் கனமான தகவல். தற்கொலை முயற்சி முன்பு இருந்திருந்தால் இன்னும் கனம் கூடுகிறது. தற்கொலையைத் தடுப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று மற்ற மனநிலை மருந்துகளுக்கு இல்லை.

இப்போது மனநிலை எப்படி? மனச்சோர்வு விடாமல் நீடிக்கிறதா, ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ ஏற்ற இறக்கம் வருகிறதா? இரண்டிலும் தைராய்டுக் குறைவு எரிகிற தீயில் எண்ணெய்.

வயது, இதயம், கர்ப்பத் திட்டம். இவை தைராக்சின் டோஸையும் மாற்று மருந்தையும் நேரடியாகத் தீர்மானிப்பவை.

சிறுநீரகமும் கால்சியமும். லித்தியத்தை விடலாமா என்ற கேள்விக்கு உண்மையான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது. டி.எஸ்.எச். அம்புக்குறியைப் பார்த்துப் பதறுபவர்கள், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். மூன்று ரிப்போர்ட்டாக மெல்ல இறங்குவதைக் கவனிப்பதே இல்லை.

## எண்ணை நம்புவதற்கு முன்

லித்தியம் லெவல் கடைசி டோஸுக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். 6 மணிக்கே எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். இன்னொரு பொறி: பச்சை மூடி போட்ட ரத்தக் குழாய்கள் சிலவற்றில் உள்ளே தடவியிருப்பதே லித்தியம் ஹெப்பாரின். அதில் எடுத்தால் லெவல் பொய்யாக எகிறும். உடம்பில் அறிகுறி ஒன்றும் இல்லாமல் லெவல் மட்டும் 2-ஐத் தாண்டி வந்தால், எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆனால் கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது இருந்தால் குழாயை விசாரிக்க நேரமில்லை. அன்றைய டோஸைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டி.எஸ்.எச்.-க்கும் ஒரு பொறி உண்டு: பயோட்டின் என்ற வைட்டமின். தைராய்டு குறைந்து முடி கொட்டுகிறது, மெடிக்கலில் முடி மாத்திரை வாங்குகிறார்கள், அதில் பயோட்டின் ஏராளம். பல லேப் கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைவாகவும் டி4-ஐக் கூடுதலாகவும் காட்டிவிடும். இருக்கும் குறைவு ரிப்போர்ட்டில் மறைந்துபோகும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். டி.எஸ்.எச். நாளின் நேரத்தைப் பொறுத்து ஏறி இறங்குவது, ஆகவே அதே லேப், அதே நேரம். தைராக்சின் ஏற்கெனவே எடுப்பவர்கள் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடலாம்.

## வழி 1: பொறுத்துப் பார்ப்பது

எப்போது பொருந்தும்: டி.எஸ்.எச். 10-க்குக் கீழே, ஃப்ரீ டி4 சரி, மனநிலை நிலையாக இருக்கிறது, அசதியோ மலச்சிக்கலோ குளிர் தாங்காமையோ புதிதாக வரவில்லை. லித்தியம் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் இந்த வழிக்கு இன்னும் வலு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று மேலே இருக்கும்; அங்கே 6 என்ற எண் பதற்றத்துக்கு உரியதல்ல.

எப்படி: 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 திரும்ப எடுப்பது. கூடவே ஒருமுறை ஆன்டி-டி.பி.ஓ. டெஸ்டும். எதிரணு பாசிட்டிவ் என்றால் இது தானாகச் சரியாகும் என்ற எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: “பொறுத்துப் பார்ப்போம்” என்பது நடைமுறையில் “மறந்துவிடுவோம்” ஆகிவிடுகிறது. மனநல மருத்துவர் தைராய்டு டாக்டர் பார்ப்பார் என்று விடுவார், அவர் இவர் பார்ப்பார் என்று விடுவார். அதற்குள் தூக்கம் கூடும், எடை ஏறும், எதிலும் பிடிப்பிருக்காது. அதைப் புதிய மனச்சோர்வு என்று எண்ணி மனச்சோர்வு மாத்திரை ஒன்று சேர்ந்துவிடும். பைபோலார் உள்ளவருக்குத் தேவையில்லாத மனச்சோர்வு மாத்திரை மேனியாவைக் கிளப்பிவிடக்கூடியது. ஆகவே பொறுப்பதென்றால் அடுத்த டெஸ்டின் தேதியோடு பொறுக்க வேண்டும்.

இன்னொரு செலவு பலருக்குத் தெரியாது. தைராய்டு குறைந்தால் உடம்புவலி, மூட்டுவலி வரும். அதற்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவார்கள். இவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, லெவலை விஷ அளவுக்கு ஏற்றக்கூடியவை. தைராய்டுக் குறைவே சிறுநீரக வடிகட்டலைச் சற்று மந்தமாக்கும் என்பதால் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

## வழி 2: லித்தியத்தைத் தொடர்ந்து, தைராக்சினைச் சேர்ப்பது

எப்போது பொருந்தும்: டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால், அல்லது ஃப்ரீ டி4 இறங்கினால், கேள்வியே இல்லை. 10-க்குக் கீழே இருந்தாலும் இரண்டாவது டெஸ்டிலும் அப்படியே நின்று, கூடவே அறிகுறியோ எதிரணுவோ கழலையோ விடாத மனச்சோர்வோ அடிக்கடி ஏற்ற இறக்கமோ இருந்தால் தொடங்கலாம். தைராய்டு மட்டும் உள்ள ஒருவருக்கு மருத்துவர் காத்திருக்கச் சொல்லும் அதே 7.8-க்கு, பைபோலார் மனச்சோர்வில் இருப்பவருக்கு மாத்திரை எழுதுவது முரண்பாடல்ல. இவருக்குக் காத்திருப்பின் விலை அதிகம்.

எவ்வளவு: ஆரம்பநிலைக் குறைவுக்கு 25 அல்லது 50 மைக்ரோகிராம். முழுக் குறைவு உள்ள இளவயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 60 கிலோ என்றால் சுமார் 100. வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து டோஸை மாற்றுவார்கள். அதற்கு முன் பார்ப்பது வீண், எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

அதே நாளில் லித்தியம் லெவலும் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு சரியானதும் சிறுநீரகம் சுறுசுறுப்பாகி லித்தியத்தை வேகமாக வெளியேற்றும். 0.7-இல் நின்ற லெவல் அதே டோஸில் 0.55-க்கு இறங்கலாம். தைராக்சின் தொடங்கி இரண்டு மாதத்தில் மனநிலை தடுமாறினால் தைராக்சின்மேல் பழி போடும் முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்: காலை 6 மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். 7 மணிவரை எதுவும் இல்லை, ஃபில்டர் காபியும் இல்லை. காபி அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். “காபியோடு ஒரு மாத்திரை” என்ற பழக்கம்தான் டோஸை ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காததற்கு அடிக்கடி காரணம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி, அதாவது மதியச் சாப்பாட்டுக்குப் பின். லித்தியம் இரவு சாப்பாட்டுக்குப் பின்; வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

காபிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும். தினம் நான்கு டம்ளர் குடித்துவந்தவர் “தைராய்டுக்கு ஆகாது” என்று ஒரே நாளில் காபியை விட்டால் லித்தியம் லெவல் ஏறும். விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். குறைப்பதாக இருந்தால் வாரக்கணக்கில் குறைத்து, லெவல் பாருங்கள்.

உப்பும் அப்படித்தான். தைராய்டு என்றதும் முட்டைக்கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, உப்பைக் குறை என்று பட்டியல் வந்துவிடும். சமைத்த கோஸ் அளவாகச் சாப்பிடுவதில் ஒன்றுமில்லை. ஆனால் உப்பைத் திடீரெனக் குறைத்தால், சோடியத்துக்குப் பதிலாகச் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அயோடின் உப்பை எப்போதும்போல, ஒரே அளவில் தொடருங்கள். நீர்கூட இல்லாத விரதம், கத்திரி வெயிலில் வியர்த்து ஊற்றும் வேலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இதே கணக்கில் வரும். மறுகோடியில், கடற்பாசி மாத்திரை, “தைராய்டு டானிக்” என்று கூடுதல் அயோடின் சேர்ப்பது லித்தியத்தோடு கூட்டுச் சேர்ந்து சுரப்பியை இன்னும் அடைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: மாத்திரையின் விலை சிறியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இரண்டு மருந்துகளும் இலவசமாகக் கிடைக்கும். உண்மையான செலவு வேறு. தைராக்சின் தேவைக்கு மேல் போனால் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் வரும். இவை மேனியாவின் தொடக்கம் போலவும் இருக்கும், லித்தியத்தின் பக்கவிளைவு போலவும் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நீண்டகால அதிக டோஸ் எலும்பை மெலியவைக்கும். முதியோருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். “கொஞ்சம் கூட்டினால் எடை குறையுமே” என்று தானாக ஏற்றிக்கொள்பவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

மறந்த மாத்திரை விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். தைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு நாள் விட்டால் உடம்புக்குப் பெரிதாகத் தெரியாது. லித்தியத்துக்கு அது ஏறக்குறைய ஒரு நாள்தான். விட்டதை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போடவே கூடாது. டப்பாக்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

## வழி 3: லித்தியம் டோஸைக் குறைப்பது

கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: மருந்தால் வந்தது, மருந்தைக் குறைத்தால் போய்விடாதா? பெரும்பாலும் போவதில்லை. சரியான லெவலில் இருப்பவர்களுக்கே இந்தக் குறைவு வருகிறது. 900 மில்லிகிராமை 600 ஆக்கினாலும் சுரப்பிக்குள் லித்தியம் இருந்துகொண்டேதான் இருக்கும். டி.எஸ்.எச். 7.8-லிருந்து 6.5-க்கு இறங்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை பெரியது.

1989-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 0.4–0.6 லெவலில் வைக்கப்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம், 0.8–1.0-இல் இருந்தவர்களைவிட 2.6 மடங்கு. குறைந்த லெவலுக்கு மாற்றியபோது சிலருக்கு டோஸ் சட்டென்று இறங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு பேசப்பட்டது. அதிலிருந்தும் ஒரு பாடம் எடுக்கலாம்: குறைப்பதே தப்பு என்றில்லை, திடீரெனக் குறைப்பது தப்பு.

எப்போது பொருந்தும்: லெவல் 0.9, 1.0 என்று தேவைக்கு மேல் நிற்கும்போது; நடுக்கமும் ஓயாத தாகமும் இருக்கும்போது; 65-ஐத் தாண்டியவர்களுக்கு. இப்போதைய பரிந்துரைகள் பெரியவர்களுக்குப் பராமரிப்பு லெவலாக 0.6–0.8 என்கின்றன. நன்றாகக் கேட்டும் தாங்க முடியாதவர்களுக்கு 0.4–0.6 வரை இறக்கலாம். இந்தக் காரணங்களுக்காகக் குறைத்தால், ஒரு படி இறக்கி, 5 முதல் 7 நாள் கழித்து லெவல் பாருங்கள். டி.எஸ்.எச்.-க்காக மட்டும் வேண்டாம்.

## வழி 4: லித்தியத்தை விட்டு வேறு மருந்து

இதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர். தொடர்ந்து சரிவது ஒன்று. கால்சியம் ஏறி, அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது இன்னொன்று (இதுவும் லித்தியத்தின் வேலைதான், தைராய்டு டெஸ்டில் தெரியாது). சரியான லெவலில் போதுமான காலம் எடுத்தும் பயனில்லாதது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெவல் பார்க்க வழியே இல்லாத ஊரில் இருப்பது இவையும் சேரும். இவற்றோடு தைராய்டும் சேர்ந்தால் தராசு சாயலாம். தைராய்டு மட்டும் என்றால், ஒரு மாத்திரையைத் தவிர்க்க ஒரு வாழ்க்கையைப் பணயம் வைக்கிறோம் என்று பொருள்.

2010-இல் வந்த பேலன்ஸ் ஆய்வில் 330 பேரை மூன்று பிரிவாக்கி இரண்டு ஆண்டுவரை பார்த்தார்கள். புதிதாக மனநிலைக் குலைவு வந்து சிகிச்சை தேவைப்பட்டவர்கள், இன்னொரு மனநிலை மருந்தான வால்ப்ரோயேட் மட்டும் எடுத்தவர்களில் 69 சதவீதம், லித்தியம் மட்டும் 59, இரண்டும் சேர்த்து 54. லித்தியம் எடுத்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. யாருக்கும் எந்த மருந்தும் முழுக்காப்பு இல்லை. ஆனால் ஏற்கெனவே லித்தியத்தில் நிலையாக இருப்பவர் நல்ல பக்கத்தில் இருப்பவர் என்று அர்த்தம்.

மாற்று மருந்துகளின் கணக்கு:

| மருந்து | தைராய்டில் | எங்கே நல்லது | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|
| வால்ப்ரோயேட் | சிலருக்கு டி.எஸ்.எச். லேசாக ஏறும் | மேனியா | எடை, முடி உதிர்தல், கல்லீரல், தட்டணுக்கள். கர்ப்பத்தில் கருவுக்குப் பெரும் கேடு |
| குவெட்டியாபின் | டி4 சற்று இறங்கும், டி.எஸ்.எச். பெரும்பாலும் மாறாது | மேனியா, மனச்சோர்வு இரண்டும் | தூக்கம், எடை, சர்க்கரை, கொழுப்பு |
| லாமோட்ரிஜின் | குறிப்பிடும்படி இல்லை | மனச்சோர்வு திரும்பாமல் தடுக்க | ஏற்ற ஆறு வாரம்; ஆபத்தான தோல் தடிப்பு; மேனியாவுக்குக் காப்பு குறைவு |
| கார்பமாசெபின் | டி4 இறங்கும், தைராக்சின் டோஸ் கூட்ட நேரும் | மேனியா | பல மருந்துகளின் அளவைக் குறைக்கும், சோடியம் இறங்கும், தோல் எதிர்வினை |

அட்டவணையின் இரண்டாவது பத்தியைக் கவனியுங்கள். தைராய்டுக்காக லித்தியத்தை விட்டுக் கார்பமாசெபினுக்குப் போவது வெயிலுக்குப் பயந்து அடுப்படியில் ஒதுங்குவது.

லாமோட்ரிஜின் பக்கவிளைவில் இலகுவானது. ஆனால் 25 மில்லிகிராமில் இரண்டு வாரம், 50-இல் இரண்டு வாரம் என்று ஏற வேண்டும். அவசரப்பட்டால் தோல் தடிப்பு உயிருக்கே உலை வைக்கும். வால்ப்ரோயேட் கூட இருந்தால் இதில் பாதி வேகம்தான். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் லாமோட்ரிஜின் அளவு ஏறக்குறைய பாதியாகும். மேனியாதான் உங்கள் முதல் பிரச்சினை என்றால் இது தனியாகப் போதாது.

நிறுத்தும் முறை: லித்தியத்தை ஒரே நாளில் நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா திரும்பும் அபாயம் மிக அதிகம். விஷமாகிப்போன அவசரநிலை தவிர, குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்து இறக்க வேண்டும். புதிய மருந்து உரிய அளவுக்கு ஏறிய பிறகு இறக்கத் தொடங்குவது நல்லது. நின்றபின் பலருக்குச் சுரப்பி மீண்டுவிடும். தைராக்சின் எடுத்துக்கொண்டிருந்தால் 6–8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து மருத்துவர் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவும் செய்யலாம். எதிரணு பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் குறைவு அப்படியே நிற்பது வழக்கம். லித்தியம் போனது, தைராய்டு போகவில்லை என்ற இரட்டை நட்டம் இவர்களுக்குத்தான். ஆன்டி-டி.பி.ஓ. டெஸ்டை மாற்றுவதற்கு முன்பே எடுக்கச் சொல்வது இதற்காக.

## குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு

இங்கே கணக்கு வேறு. கர்ப்பத்தில் தைராய்டுக் குறைவைப் பொறுத்துப் பார்க்கும் வழி கிடையாது. டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இருந்தாலும் சீக்கிரம் தைராக்சின் தொடங்குவார்கள். ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலேயே டோஸ் 25–30 சதவீதம் கூட்ட நேரும். லித்தியத்துக்கு முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயம் சார்ந்த அபாயம் உண்டு, அது டோஸோடு ஏறும். முன்பு நினைத்த அளவுக்குப் பெரிதல்ல என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக ஓடுவதால் லெவல் இறங்கும், பிரசவத்தோடு சட்டென ஏறும். லெவலை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். “லித்தியம் ஆபத்து” என்று வால்ப்ரோயேட்டுக்கு மாற்றுவது இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய மிக மோசமான மாற்றம். அதில் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிச் சிக்கலும் வருகின்றன. பேச்சைக் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்காமல், ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

## அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால்

அபூர்வமாக, லித்தியம் எடுப்பவருக்கு டி.எஸ்.எச். இறங்கிப்போகும். வலியில்லாத தைராய்டு அழற்சியில், கிடங்கில் சேர்ந்த ஹார்மோன் ஒரே மூச்சில் ரத்தத்தில் கொட்டுவது ஒரு காரணம். தூக்கமில்லை, பேச்சு வேகம், எடை இறங்குகிறது: பார்ப்பவர் மேனியா என்று லித்தியத்தைக் கூட்டிவிடலாம். ஹார்மோன் மிகையானால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் கூட்டியது விஷ அளவுக்குப் போகும். புதிதாக மேனியா போலத் தெரிந்தால், டோஸை ஏற்றும் முன் டி.எஸ்.எச்., லித்தியம் லெவல் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அழற்சி சில மாதங்களில் தணிந்து, பிறகு பலருக்குக் குறைவுப் பக்கம் சாயும். அப்போது மேலே சொன்ன கணக்குக்கே திரும்ப வருவீர்கள்.

## மருத்துவரிடம் எதை எடுத்துப் போவது

இரண்டு மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை என்ற எண்ணத்திலேயே போங்கள். ஒரு நோட்டில் ஒரே பக்கம். வரிசையாகத் தேதி, லித்தியம் டோஸ், லெவல், டோஸுக்கும் ரத்தத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., கால்சியம், எடை. கடைசிப் பத்தியில் அந்த மாதம் மனநிலை எப்படி என்று இரண்டே சொல். நிலையாக இருப்பவர்களுக்குத் தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை; லித்தியம் லெவல் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பக்கத்தின் அடியில், பிபி மாத்திரை, வலி மாத்திரை, முடி மாத்திரை, நாட்டு மருந்து என்று எழுதாமல் விட்ட எதுவும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.